தோடர்: மாறும் மலைவாழ்வு

தோடர் நீலகிரி மேட்டுநிலத்தில் வாழும் எருமை மேய்ப்புப் பழங்குடியினர். சுமார் 2,000 பேர். குடியிருப்பு 'மந்து' எனப்படும். முன்பு பாலும் நெய்யும் தந்து, அண்டைச் சமூகத்தாரான படகரிடம் தானியமும் கோத்தரிடம் மண்பாண்டம், இரும்புக் கருவிகளும் பெற்றனர். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வந்து பணப்புழக்கமும் சந்தையும் பெருகியபின் இப்பண்டமாற்று படிப்படியாக நலிந்தது.

பெரிய அடி புல்வெளிக்குத்தான். வெற்றுநிலம் என்று தவறாகக் கருதப்பட்ட மேய்ச்சல் வெளிகளில் சீகையும் தைலமரமும் நடப்பட்டன; எஞ்சியவற்றில் தேயிலையும் உருளைக்கிழங்கும் ஏறின. மேய்ச்சல் சுருங்க எருமைகளும் குறைந்தன. தோடரின் கோயிலாகவும் விளங்கும் பால்மனையின் சடங்குகள் யாவும் எருமையைச் சார்ந்தவை என்பதால் இதை வெறும் வருமான இழப்பாகக் கொள்ள முடியாது. இக்கோயிலின் கூரைக்குரிய புல் சதுப்புநிலத்தில் வளர்வது. சதுப்பு வற்றினால் அதுவும் அரிதாகும்.

இன்று பலர் கேரட், உருளை பயிரிடுகின்றனர். சிலர் நிலத்தைக் குத்தகைக்கு விடுகின்றனர். அரைவட்டக் கூரையும் தவழ்ந்தே நுழையவேண்டிய வாயிலும் கொண்ட குடில்களுக்குப் பதில் சிமெண்டு வீடுகள் எழுந்துள்ளன. பெண்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரி எதுவும் வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் தைப்பர். சடங்குப் போர்வையில் இருந்த இவ்வேலைப்பாடு இப்போது சால்வை, கைப்பையிலும் வருகிறது.

மழையின் போக்கும் மாறிவருகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சரிவுகளில் காய்கறி பயிரிடுவோருக்கு இத்தகைய மழை மண்ணரிப்பையும் நிலச்சரிவையும் கொண்டுவருகிறது.