அரக்கு இசைத்தட்டு

நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 சுற்று சுழலும் பழைய கிராமபோன் தட்டு. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரிய தட்டுமுறை ஒலிப்பதிவிலிருந்து வளர்ந்தது. முதலில் கடின ரப்பரில் செய்யப்பட்டது. 1890களின் பிற்பகுதியில் அரக்குக் கலவைக்கு மாறியது. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் புரசு போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் பூச்சிகளின் சுரப்பு.

பெயர் அரக்குத் தட்டு என்றாலும் அதில் பெரும்பங்கு கற்பொடியே. எஃகு முள்ளைத் தேய்த்துத் தடத்தின் வடிவுக்குக் கொண்டுவர இந்தச் சொரசொரப்பு வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முள்ளை மாற்ற வேண்டும். இரைச்சலும் கூடவே வந்தது. கீழே போட்டால் உடையும்.

1925க்கு முன் ஒலிப்பதிவில் மைக் இல்லை. பாடுபவர் கூம்பின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாட, அதிர்வு மெழுகில் நேரடியாகக் கீறப்பட்டது. தம்புரா போன்ற மென்னொலிக் கருவிகள் இதில் அடிபட்டுப்போயின. 1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கவுஹர் ஜானைப் பதிவு செய்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகின. அங்குள்ளோர் அடையாளம் காண்பதற்காகவே பாட்டின் முடிவில் கவுஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார் என்பர்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கும். ஒரு மணி நேரம் விரியும் ராகத்துக்கு இது கொடுமையான அளவு. ஆலாபனை சில நொடிகளாகச் சுருங்கியது. ஆனால் திரைப்பாட்டின் நீளத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது.

1948இல் வினைல் நெடுந்தட்டு வந்தது. இந்தியாவில் 1960களிலும் அரக்குத் தட்டுகள் வெளிவந்தன.