தவறிய சிகிச்சையும் நோயாளியின் உரிமையும்

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒரு நோயாளி உயிரிழந்தார். செய்தியறிந்த கலீஃபா அல்முக்ததிர், தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் தேர்வு செய்து அனுமதிப்போரே இனி மருத்துவம் பார்க்கலாம் என ஆணையிட்டார். நோயாளியின் உடல் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ!

நம் காலத்துத் தவறுகள் பல வகையின: நோயைக் கண்டறியத் தவறுதல், மருந்தை மாற்றிக் கொடுத்தல், சம்மதமின்றி அறுவை செய்தல், எச்சரிக்காது விடுதல். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண்குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையை உரிய வாரங்களில் சோதித்தாக வேண்டும். சோதிக்கவும் இல்லை, பெற்றோரை எச்சரிக்கவும் இல்லை. குழந்தை பார்வையிழந்தது. உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோது ஆண்டு 2015. பணம் வந்தது, பார்வை வரவில்லை.

நெய்வேலி நகரியக் குடும்பங்கள் அறிய வேண்டிய தீர்ப்பு இன்னொன்று உண்டு. 1995இல் வி.பி.சாந்தா வழக்கில், மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்றது உச்ச நீதிமன்றம். பணி நிபந்தனையின்படி நிறுவனம் செலவேற்கும் சிகிச்சை இலவசமாகாது. ஊழியரும் அவரைச் சார்ந்தோரும் நுகர்வோரே என்றும் தெளிவுபடுத்தியது.

சிகிச்சை பலிக்காமற் போவதெல்லாம் அலட்சியமன்று. எனினும் மருந்துச்சீட்டு, சோதனை முடிவுகள், சம்மதப் படிவத்தின் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவோம். ஐயம் எழுந்தால் தயங்காது கேட்போம். கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது, நம் உரிமை.