தவளைக்குக் குழி தோண்டியவர்கள்

ஒருத்தன் நமக்குக் "குழி தோண்டுறான்"னு சொன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இன்னைக்கு எபிசோட், நல்ல எண்ணத்தோட குழி தோண்டினவங்களைப் பத்தி.

இடம் சுவிட்சர்லாந்து. பாட்டு சீன்ல பார்க்கிற பனிமலை சுவிட்சர்லாந்து இல்லை. வடக்கே, ஜூரிச்சுக்கும் பாசலுக்கும் நடுவுல இருக்கிற ஆர்காவ்னு ஒரு மாநிலம். அங்கே அதை கான்டன்னு சொல்வாங்க. ஆரே, ராய்ஸ், லிம்மட்னு மூணு ஆறு ஒண்ணு சேர்ற தாழ்வான பூமி. ஒரு காலத்துல வெள்ளம் வரும், வடியும், போற இடமெல்லாம் குட்டையும் சதுப்பும் விட்டுட்டுப் போகும். தவளைக்கு அதைவிட என்ன வேணும்?

அப்புறம் அந்தத் தண்ணியெல்லாம் எங்கே போச்சு? மனுஷன்தான் வடிச்சான். ஆனா இந்தக் கதையில வில்லன் தேடினா ஏமாந்துடுவீங்க.

1940. பிரான்ஸ் விழுந்தாச்சு. சுத்தி நாலு பக்கமும் ஹிட்லர், முசோலினி கை ஓங்கியிருக்கு. சாப்பாட்டுல பாதியை வெளியிலிருந்து வாங்குற நாடு சுவிட்சர்லாந்து. எல்லையை மூடிட்டா என்ன சாப்பிடுறது? ஃபிரீட்ரிஷ் டிராகோட் வாலன்னு ஒரு வேளாண் விஞ்ஞானி நவம்பர் மாசம் ஒரு திட்டத்தை வைக்கிறார். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் உழு. ஊருக்குள்ள பூங்கா, விளையாட்டு மைதானம் எல்லாத்துலயும் உருளைக்கிழங்கு போட்டாங்க. போர் முடியறதுக்குள்ள உழுத நிலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு.

அதுக்கு விலை கொடுத்தது சதுப்பு நிலம். அதை வடிக்கிற வேலை 19-ஆம் நூற்றாண்டுலயே ஆரம்பிச்சதுதான். வாலன் திட்டம் அதுக்கு அரசாங்கப் பணமும் அவசரமும் கொடுத்தது. மண்ணுக்கடியில வரிசையா குழாய் பதிச்சா ஈரம் வாய்க்காலுக்கு ஓடிடும், வயல் ரெடி. பசியோட இருக்கிற நாட்டுல நின்னுக்கிட்டு "தவளை என்ன ஆகும்?"னு நான் கேட்டிருப்பேனா? சத்தியமா மாட்டேன். ஆனா போர் முடிஞ்ச பிறகும் குழாய் அங்கேயே கிடந்தது, புதுசும் பதிச்சாங்க. கடைசியில அந்த நாட்டு ஈரநிலத்துல சுமார் 90 சதவீதம் காணாமல் போச்சு.

திருப்பம் வந்தது ஓட்டுப் பெட்டியில. ரோத்தன்தூர்ம்னு ஒரு ஊர்ச் சதுப்புல ராணுவம் பயிற்சி மைதானம் கட்டப் பார்த்தது. மக்கள் கையெழுத்து வாங்கி நாடு முழுக்க வாக்கெடுப்பு கொண்டுவந்தாங்க. 1987 டிசம்பர் 6. 57.8 சதவீதம் பேர் "சதுப்பைக் காப்பாத்து"ன்னு போட்டு, அது அரசியலமைப்புச் சட்டத்துலயே ஏறிடுச்சு. மைதானம் கேன்சல். அடுத்து 1993-ல ஆர்காவ் மக்கள் தனியா ஒரு ஓட்டு போட்டாங்க: மாநிலப் பரப்புல 1 சதவீதம் ஆத்தங்கரை வெள்ளச் சமவெளியா இருக்கணும். கேட்க ஒண்ணே ஒண்ணுதானேன்னு தோணும். நெருக்கமா வீடும் ரோடும் இருக்கிற ஊர்ல அது சுமார் 14 சதுர கிலோமீட்டர். மனை விலை தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

இனி குழி. 1990-கள்ல தொடங்கி 2019 வரைக்கும், அஞ்சு பகுதிகள்ல 422 புதுக் குட்டை. மாநில அரசு, இயற்கை அமைப்புகள், நிலத்துக்காரங்க, தன்னார்வலர்கள் எல்லாரும் சேர்ந்து செஞ்ச வேலை.

ஆபீஸ்ல ஏதாவது கிராஷ் ஆனா, நான் முதல்ல "மூல காரணத்தைச் சரி பண்ணாம ஒட்டுப்போடாதீங்க"ன்னு சண்டை போடுற ஆள். இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் உறுத்துது. ஏன்னா ஆர்காவ்ல மூல காரணம் எதுவும் தீரலை. பூச்சிமருந்து இருக்கு, கார் ஓடுது, தவளைத் தோலைத் தாக்குற பூஞ்சை நோயும் இருக்கு. இவங்க பண்ணது குட்டை வெட்டினது மட்டும்தான்.

ஆனா அது வேலை செஞ்சது. எப்படித் தெரியும்? எண்ணினாங்க. பயிற்சி எடுத்த தன்னார்வலர்கள் ராத்திரியில டார்ச்சோட குட்டைக் கரையில நின்னு, சத்தம் கேட்டு, பார்த்து, குறிச்சு வெச்சாங்க. 1999-லிருந்து 2019 வரைக்கும் 20 வருஷ டேட்டா. ஒரு வருஷத்து லாகையே டெலீட் பண்ற நமக்கு இது கொஞ்சம் ஓவர்தான்! 2022-ல பிஎன்ஏஎஸ் அறிவியல் இதழ்ல முடிவு வந்தது. குட்டையில முட்டையிடுற 12 இனத்துல 10 இனம் முன்னைவிட அதிகக் குட்டைகள்ல இருக்கு. ஒண்ணு அப்படியே நிக்குது. ஒண்ணு இன்னும் குறையுது.

ஏன் வேலை செஞ்சதுங்கிறதுக்கு நான் புரிஞ்சுக்கிட்டது இது. ஒரே ஒரு சர்வர் இருந்தா அது விழுந்த அன்னைக்கு எல்லாம் போச்சு. பக்கத்துல பத்து இருந்தா, ஒண்ணு செத்தாலும் மத்தது தாங்கும். ஒரு குட்டையில நோய் வந்து தவளை அழிஞ்சாலும், தத்திப் போற தூரத்துல இன்னொரு குட்டை இருந்தா அங்கேயிருந்து திரும்ப வரும்.

வேடிக்கை என்னன்னா, கோடையில வத்திப்போற குட்டையும் வேணும். நமக்கு வத்தின குட்டைன்னா தோத்துப்போன குட்டை. ஆனா தண்ணி வத்தினா மீன் தங்காது. மீன் இல்லைன்னா தலைப்பிரட்டை பிழைக்கும். உள்ளங்கையில அடங்குற பச்சை மரத்தவளை இப்படிப்பட்ட குட்டையை விரும்புது. இருக்கிறது அவ்வளவுதான், ஆனா கத்தினா ஊரே எழுந்திருக்கும்.

அதே சமயம், முதுகுல மஞ்சள் கோடு போட்ட நாட்டர்ஜாக் தேரைக்குச் செடி முளைக்காத, வெறும் மண்ணா இருக்கிற, ஆழமில்லாத புதுத் தண்ணிதான் வேணும். குட்டைக்கு வயசாகி, புல்லும் நாணலும் வந்துட்டா அது கிளம்பிடும். அந்தக் காலத்துல ஒவ்வொரு வெள்ளமும் பழைய கரையைச் சுரண்டிப் புதுக் குழி போட்டுட்டுப் போகும். இப்ப ஆத்துக்குக் கரை கட்டியாச்சு. அதனால சில வருஷத்துக்கு ஒரு தடவை பொக்லைன் வந்து, ஆறு செஞ்ச வேலையைச் செய்யணும்.