தலையில் அடிபட்ட குட்டி நாய்: 'எழுந்து நடந்துடுச்சே'ன்னு விட்டுடலாமா? முதல் 48 மணி நேரத்தில் கவனிக்க வேண்டியவை

சோஃபாவில் இருந்து குதித்த பொமேரியன் டைல்ஸ் தரையில் வழுக்கி, டீப்பாய் விளிம்பில் தலையை மோதிக்கொள்கிறது. ஒரே ஒரு கத்தல். அடுத்த நிமிடம் எழுந்து, உடம்பை உதறிவிட்டு வாலை ஆட்டுகிறது. "ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு அதே நாய் வாந்தி எடுத்து, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடந்தால்தான் பதற்றம் தொடங்கும்.

பெரும்பாலான சின்ன மோதல்களில் எதுவும் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாய் எழுந்து நடந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஏன்?

அடி ஒன்று, பாதிப்பு இரண்டு

தலை மோதிய அந்த நொடியில் ஏற்படும் காயம் முதல் பாதிப்பு. மண்டை ஓடு விரிசல், ரத்தக் கசிவு, மூளைத் திசு நசுங்குவது எல்லாம் இதில் வரும். நடந்தது நடந்ததுதான், அதை மாற்ற முடியாது.

இரண்டாவது பாதிப்பு மெதுவாக வரும். அடிபட்ட இடத்தில் வீக்கம் ஏறும், ரத்தம் கசிந்து தேங்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் கூடி, மூளைக்குப் போக வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறையும். இது சில நிமிடங்களிலும் தொடங்கலாம், பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். முதல் 24 முதல் 48 மணி நேரம் கண் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். சிகிச்சையால் தடுக்கக்கூடியதும் இந்த இரண்டாவது பாதிப்பைத்தான்.

சின்ன நாய்களுக்கு ஏன் ரிஸ்க் அதிகம்?

மூன்று கிலோ நாய்க்குக் கட்டில் உயரமே மாடி மாதிரி. மண்டை ஓடும் மெல்லியது. சிவாவா இனத்தில் பல நாய்களுக்கு உச்சியில், கைக்குழந்தைக்கு இருப்பது போல, எலும்பு மூடாத மென்மையான இடம் வளர்ந்த பிறகும் இருக்கும். அந்த இடத்தில் விழும் அடியை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வேறொரு ஆபத்து. கண்குழி ஆழமில்லாததால், தலையில் பட்ட அடியில் கண் விழி வெளியே பிதுங்கி வந்துவிடலாம். பார்க்கவே பயமாக இருக்கும். கையால் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியை மேலே லேசாக வைத்து, காயாமல் பார்த்துக்கொண்டு, காலால் கண்ணைத் தேய்க்க விடாமல் உடனே கிளம்ப வேண்டும். பார்வை தப்புவது பெரும்பாலும் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

விழுவது சோஃபாவில் இருந்து மட்டுமல்ல. தி.நகர் உஸ்மான் ரோடு பக்கம் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நாயை நிற்க வைத்துக் கூட்டிப் போவதைத் தினமும் பார்க்கலாம். ஒரு சடன் பிரேக் போதும். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு பால்கனியில் இருந்து குதிக்கும் நாய்களும் உண்டு. வண்டியில் அடிபட்டாலோ மாடியில் இருந்து விழுந்தாலோ தலை நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் நெஞ்சு, வயிற்றில் உள்காயம் இருக்கலாம். அறிகுறிக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுவதே சரி.

முதல் பத்து நிமிடம்

தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சத்தான் முதலில் கை போகும். அதைத்தான் அடக்க வேண்டும். கழுத்து எலும்பிலும் அடி இருக்கலாம் என்பதால் தலை தொங்கும்படி தூக்காதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். கழுத்து நரம்பு அழுந்தினால் தலையில் இருந்து ரத்தம் இறங்குவது தடைபட்டு, உள்ளழுத்தம் இன்னும் ஏறும்.

கட்டியான எதன் மீதாவது நகர்த்தி வையுங்கள். சின்ன நாய்க்கு ஸ்ட்ரெச்சர் தேட வேண்டாம், பெரிய ட்ரேயோ முறமோ போதும். தலைப்பக்கம் பலகைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து லேசாக, 15 முதல் 30 டிகிரி வரை, உயர்த்தலாம். தலைக்கு மட்டும் தலையணை வைத்தால் கழுத்து மடங்கும், அது வேண்டாம்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மென்மையாக மூடுங்கள். மண்டை ஓடு குழிந்தது போல இருந்தால் அழுத்தவே கூடாது. தண்ணீரை வாயில் ஊற்றுவதும் வேண்டாம். அரை மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

இன்னொன்று, வலியிலும் குழப்பத்திலும் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வாந்தி எடுக்கிற, மூச்சு திணறுகிற நாய்க்கு வாயைக் கட்டவும் கூடாது. கடித்துவிட்டால், "நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கு" என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

ஒரு நொடி நினைவு தப்பியிருந்தாலும் கிளம்புங்கள். வலிப்பு, காது மூக்கில் ரத்தம், கூப்பிட்டால் திரும்பாத மந்தம் இருந்தாலும் அப்படியே. மொபைல் டார்ச்சை ஒரு விநாடி கண்ணில் காட்டிப் பாருங்கள்: இரண்டு கருமணியும் ஒரே அளவாகச் சுருங்க வேண்டும். ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சின்னதாகவும் இருந்தாலோ, விழிகள் தானாக இடமும் வலமும் ஆடினாலோ தாமதிக்கக் கூடாது.

தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, வட்டமடித்து நடப்பது, சுவரில் முட்டுவது, கால்கள் விறைத்து நீட்டிக்கொள்வது, திரும்பத் திரும்ப வாந்தி ஆகியவையும் மூளை பாதிப்பைக் காட்டலாம். ஈறு வெளுத்திருந்தால் அதிர்ச்சி நிலை. விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வந்து வந்து போகும் அறிகுறிகளை வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு ரொம்ப உதவும்.

வலி மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவுமே வேண்டாம். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கெடுக்கும். மூன்று கிலோ உடம்புக்கு அளவு மீற ஒரே மாத்திரை போதும். மற்ற இரண்டும் வயிற்றில் புண்ணையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

'வீக்கம் குறைய ஸ்டீராய்டு' என்று மெடிக்கலில் வாங்கிப் போடும் பழக்கமும் உண்டு. மனிதர்களில் தலைக்காயம் பட்ட 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து, 2004-ல் முடிவு வெளியான 'கிராஷ்' ஆய்வில், ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில்தான் இறப்பு அதிகமாக இருந்தது. அதனால் ஆய்வே பாதியில் நிறுத்தப்பட்டது. நாய்களின் தலைக்காயத்துக்கும் ஸ்டீராய்டு இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் ஸ்கேன் இல்லை. மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன். அதைச் சரிசெய்த பிறகு, உள்ளழுத்தம் ஏறுவது தெரிந்தால் மேனிடால் அல்லது அடர்த்தியான உப்புக் கரைசலை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். நிலைமை மோசமானால்தான், அல்லது எதிர்பார்த்தபடி தேறாவிட்டால்தான் சிடி ஸ்கேன். அதற்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதும் ஒரு காரணம்.

மனிதர்களுக்கு 1974-ல் உருவான கிளாஸ்கோ கோமா அளவுகோலை நாய்களுக்கு ஏற்ப மாற்றி வைத்திருக்கிறார்கள். கை கால் அசைவு, மூளைத்தண்டின் அனிச்சைகள், விழிப்பு நிலை ஆகிய மூன்றுக்கும் தலா 1 முதல் 6 மதிப்பெண், ஆக மொத்தம் 3 முதல் 18 வரை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், 8 மதிப்பெண் பெற்ற நாய் முதல் 48 மணி நேரத்தைத் தாண்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. ஒரு தடவை போடும் மதிப்பெண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

சென்னையில் எங்கே போவது?

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் இருந்து அங்கே போக நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். சாயங்கால டிராஃபிக்கில் அது எவ்வளவு நேரம் என்பது சென்னைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாய் மயக்கத்தில் இருந்தால் முதலில் அருகில் உள்ள கிளினிக்கில் ஆக்சிஜனும் டிரிப்பும் போட்டு நிலைப்படுத்தி, பிறகு பெரிய இடத்துக்குப் போவது பாதுகாப்பு.

ஏரியாவில் தனியார் கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ராத்திரி திறந்திருப்பவை சில, ஆக்சிஜன் வசதி உள்ளவை அதிலும் சில. இதை நாய் நல்லா இருக்கும்போதே விசாரித்து, இரண்டு நம்பரை போனில் சேமித்து வைத்தால் அவசரத்தில் கூகுளில் தேட வேண்டியிருக்காது. கிளம்பும் முன் போன் செய்து 'தலையில் அடி' என்று சொல்லிவிடுங்கள். அடிபட்டது தெருநாய் என்றால், கிண்டி – வேளச்சேரி பக்கம் இயங்கும் ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளை அணுகலாம்.

தூங்க விடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எந்த அறிகுறியும் இல்லாமல், டாக்டரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னால் தாராளமாகத் தூங்கலாம். ஆனால் முதல் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லி எழுப்புங்கள். கண் திறந்து உங்களை அடையாளம் கண்டு, வழக்கம்போல் சலித்துக்கொண்டால் சரி. எழுப்புவதே கஷ்டமாக இருந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆனால் பல்லு முளைக்கிற வயசுக் குட்டியை நீண்ட நேரம் பட்டினி போட்டாலும் சர்க்கரை குறைந்து தள்ளாடும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் மாடிப்படி, சோஃபா, பந்து விளையாட்டு எல்லாம் கட். வாக்கிங்கில் கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸ் போடலாம்.

முழுசாகத் தேறிய நாய்க்கும் சில வாரங்களோ மாதங்களோ கழித்து வலிப்பு வரலாம். அப்படி வந்தால் எந்தத் தேதியில், எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய அடியைப் பற்றியும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.