அல்சைமர் நோயும் நரம்புசாராச் செல்களும்: அமிலாய்டுக் கொள்கை குறித்து ஒரு மறுபார்வை

அல்சைமர் நோயுற்ற மூளையில் இருவகைச் சிதைவுகள் காணப்படுகின்றன. நரம்புச் செல்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா என்னும் புரதத் துணுக்கு திரண்டு படிவாகிறது. செல்லுக்கு உள்ளே, நுண்குழல்களைத் தாங்கி நிற்க வேண்டிய டௌ என்னும் புரதம் அவற்றை விட்டு விலகி முடிச்சுகளாக முறுக்கிக்கொள்கிறது. முன்னதே காரணம், பின்னது அதன் விளைவு என்பது ஹார்டியும் ஹிக்கின்ஸும் 1992-இல் முன்வைத்த அமிலாய்டுக் கொள்கையின் சாரம். இதற்கு மரபியல் தரும் சான்று வலுவானது. அமிலாய்டின் மூலப்புரதத்துக்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருப்பதால், அக்குரோமோசோம் மூன்றாக அமைந்த டவுன் குறைபாடு உடையோர்க்கு நாற்பது வயதுக்குள்ளாகவே படிவுகள் தோன்றிவிடுகின்றன.

ஆயினும் தொடங்கிவைப்பது வேறு, நோயை நடத்திச் செல்வது வேறு. மூளை நிறையப் படிவுகள் இருந்தும் நினைவு குன்றாத முதியோர் உண்டு. நினைவிழப்போடு நெருங்கிப் பொருந்துவது டௌ முடிச்சுகளின் பரவலே. கொலம்பியாவில் நாற்பதுகளிலேயே நோயைக் கொணரும் பிரிசெனிலின் மரபணுப் பிறழ்வைப் பெற்றிருந்த ஒரு பெண்மணிக்கு எழுபது வயதைக் கடந்த பின்னரே அறிவாற்றல் குறையத் தொடங்கியதாக 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர் மூளையில் அமிலாய்டு மிக மிகுதியாகவும், டௌ எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும் இருந்தன. அவரிடம் காணப்பட்ட தனித்தன்மை, கொழுப்பைச் சுமந்து செல்லும் அபோ-ஈ புரதத்தின் மரபணுப் படிகள் இரண்டிலும் அமைந்த ஓர் அரிய மாற்றம். மூளையில் இப்புரதத்தைப் பெரும்பாலும் உண்டாக்குபவை நரம்புச் செல்கள் அல்ல. அவற்றைச் சூழ்ந்து பேணும் ஆஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா என்னும் கிளியா வகைச் செல்களே.

மூளையின் தற்காப்புச் செல்லாகிய மைக்ரோகிளியாவின் பரப்பில் உள்ள டிரெம்2 என்னும் ஏற்பியில் ஏற்படும் ஓர் அரிய மாற்றம் நோய் வாய்ப்பை ஏறத்தாழ மும்மடங்காக்குகிறது என்பது 2012-இல் தெரியவந்தது. நரம்புச் செல்லை மட்டும் கொண்டு இதை விளக்க இயலாது. எலிகளில் இவ்வேற்பி குன்றினால், படிவைச் சூழ்ந்து அதை இறுக்கிவைக்கும் மைக்ரோகிளியா வேலி குலைந்து, அருகிலுள்ள நரம்பிழைகள் வீங்கிச் சிதைகின்றன. அதே செல்கள், நிரப்புப் புரதங்களின் குறியிடலுக்கு இணங்கி, நரம்புச் செல்களை இணைக்கும் சினாப்ஸ்களை விழுங்குவதும் எலிகளில் காணப்பட்டுள்ளது. காப்பதும் அழிப்பதும் ஒரே செல்லின் வேலை என்பதே இங்குள்ள சிக்கல். (கிளியாச் செல்களில் கொழுப்பு சேர்ந்திருந்ததை அலாய்ஸ் அல்சைமரே 1907-இல் குறித்திருந்தும், படிவும் முடிச்சும் பெற்ற கவனத்தை அது நெடுங்காலம் பெறவில்லை.)

அமிலாய்டை அகற்றும் லெகனமாப் மருந்து 18 மாதங்களில் நோயின் நலிவு வேகத்தை 27 விழுக்காடு குறைத்ததேயன்றி நிறுத்தவில்லை. கிளியாச் செல்களின் எதிர்வினை முற்றிய பின் அதைத் தூண்டிய பொருளை மட்டும் நீக்குவதால் கிடைக்கக்கூடிய பயன் இவ்வளவே எனக் கொள்வது பொருந்தும். மறுபுறம், டிரெம்2-ஐத் தூண்டும் எதிர்ப்பொருள் ஒன்று 2024-இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோல்வியுற்றதைக் காட்டி, நோயை நடத்திச் செல்வதில் மைக்ரோகிளியாவுக்குப் பங்குண்டு என்பதை மறுப்பாரும் உளர். அச்சோதனையில் பங்கேற்றோர் ஏற்கெனவே நோயின் தொடக்கநிலையை எட்டியவர்கள் என்பதால், வேலி அமைக்கும் பருவம் கடந்த மைக்ரோகிளியாவையே அம்மருந்து தூண்டியிருக்கக்கூடும். எனவே அத்தோல்வி மைக்ரோகிளியாவின் பங்கை மறுப்பதாகாது, தூண்டுவதற்குரிய காலம் எது என்ற வினாவையே எழுப்புகிறது.