நடுக்கத்துக்கு மருந்து வந்தது, எலும்பு மறந்துபோனது

சீர்காழியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குப் பூனைக்காலி தெரிந்திருக்கும். புதரில் படரும் கொடி. காயின் மேலிருக்கும் சுணை பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். இதன் விதை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். இந்த விதைக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் சென்னைச் சேப்பாக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. என் தாத்தாவுக்கு அந்த நோய் இருந்ததால்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், கை நடுங்கி, உடல் முன்னால் வளைந்து, நடை தடுமாறும் ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டில் இது புதிதல்ல. ஆயுர்வேதம் கம்பவாதம் என்கிறது. சித்த மருத்துவர்கள் நடுக்குவாதம் என்பார்கள்.

சரி, சேப்பாக்கத்துக்கு வருவோம். அங்கிருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, 1937இல் பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டார்கள். அதுதான் லெவோடோபா. ஐரோப்பாவில் 1913லேயே குகன்ஹைம் என்பவர் ஒருவகை அவரையிலிருந்து இதைப் பிரித்திருந்தார். ஆனால் இது நடுக்கத்துக்கு மருந்தாகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அதற்கு இன்னும் இருபது, முப்பது வருடங்கள் ஆயின. 1957இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், டோபமைன் குறைந்து அசைவற்றுப் போன முயல்கள் லெவோடோபா கொடுத்ததும் மீண்டும் இயங்குவதைக் காட்டினார். 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். 1970இல் அமெரிக்க அரசு இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசும் கிடைத்தது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் மருந்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தளர்த்திய அளவுக்கு, விழுவதைத் தடுக்கவில்லை. நோயாளிக்குத் திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். விழும்போது கை நீட்டித் தாங்கிக்கொள்ளவும் நேரம் இருக்காது. இவர்களுடைய இடுப்பெலும்பின் அடர்த்தி அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் குறைவு என்பது 1990களில்தான் தெளிவாக எழுதப்பட ஆரம்பித்தது. இடுப்பு முறியும் ஆபத்து மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

காரணங்கள் ஒன்றுக்குள் ஒன்று. நடமாட்டம் குறைந்தால் எலும்பு மெலியும். வீட்டுக்குள்ளேயே இருந்தால் வெயில் படாது, வைட்டமின் டி குறையும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரிலும் இந்தக் குறை சகஜம். சாப்பாடு இறங்காமல் எடை குறைவதும் சேர்ந்துகொள்கிறது. இன்னொன்றும் உண்டு. லெவோடோபாவை உடல் செரிக்கும்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடுகிறது. அது கூடியவர்களிடம் எலும்பு முறிவு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பி12, ஃபோலேட் குறைவாக இருந்தால் அது மேலும் ஏறும்.

இதற்கு வைத்தியம் தேடிய வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயமும் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த யோஷிஹிரோ சாட்டோ என்ற மருத்துவர், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எலும்பு மாத்திரை கொடுத்தால் இடுப்பு முறிவு வெகுவாகக் குறைகிறது என்று பல கட்டுரைகள் எழுதினார். 2016இல் நியூசிலாந்தின் மார்க் போலண்ட், ஸ்காட்லாந்தின் அலிசன் அவெனல் முதலானோர் அவருடைய 33 ஆய்வுகளை அலசி, அந்த எண்கள் நம்பத்தக்கவை அல்ல என்று காட்டினார்கள். பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கொஞ்ச நஞ்சம் இருந்த ஆதாரமும் அப்படியே சரிந்தது. ஏற்கெனவே கவனிக்கப்படாத நோயாளிகளுக்கு இதைவிடப் பெரிய துரோகம் வேறு என்ன?

என் தாத்தா ஒன்பது வருடம் மாத்திரை சாப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கையை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்ப்பார். எலும்பைப் பற்றி டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் விடிகாலை கொல்லைப்பக்கம் போகும்போது வாசற்படியில் கால் நின்றுவிட்டது. விழுந்தார், இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வலியில்லாத, சில நிமிட வேலை. டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994லேயே வரையறுத்துவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எலும்பு, வைட்டமின் டி, பி12 மூன்றையும் கேளுங்கள். காலை வெயிலில் துணைக்கு ஒருவரோடு நடக்க விடுங்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள்.

இன்னொன்று: இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலி விதையை வாங்கி அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிலிருப்பதும் அதே லெவோடோபாதான், ஆனால் விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறிவிடும். டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம்.