நடுப்புள்ளியில் ஒரு புகைபோக்கி: வாஷிங்டனின் வீடு கட்டும் கடிதங்கள்

1776 செப்டம்பர் 30ஆம் நாள், ஹார்லெம் மேட்டுப் பாசறையிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் வர்ஜீனியாவில் இருந்த தம் காரியஸ்தர் லண்ட் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். லண்ட் அவருக்குத் தூரத்துப் பங்காளி. பிரிட்டனுடனான போரில் முந்தைய மாதம் புரூக்ளினில் தோல்வி. இரு வாரங்களுக்கு முன் கிப்ஸ் பே கரையில் அவர் கண்ணெதிரே படை சிதறி ஓடியிருந்தது. பரம எதிரிக்குச் சாபம் இடுவதானால் தமக்கு வாய்த்த நிலையையே இடலாம் என்ற அளவுக்குக் கடிதத்தில் மனம் நொந்து பேசுகிறார். பிறகு பேச்சு வீட்டு வேலைக்குத் திரும்புகிறது: புதிய அறையின் புகைபோக்கி சரி நடுவில் வர வேண்டும், கதவுகளும் மற்றவையும் அதற்கு ஒத்து அமைய வேண்டும், வேலை கைதேர்ந்ததாக இருக்க வேண்டும்.

போர்க்களத்திலும் பண்ணையை மறவாத எளிய உழவர் என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். இக்கடிதத்தைத் தனியே எடுத்துப் பார்க்காமல், வீடு வளர்ந்த கதையோடு சேர்த்துப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார்.

பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த அந்த வீடு, மவுண்ட் வெர்னன், முதலில் ஒன்றரை மாடிதான். 1754இல் வாஷிங்டன் அதைக் குத்தகைக்கு எடுத்தார். 1758 வாக்கில் இன்னொரு மாடி எழுப்பினார். அண்ணன் மனைவி இறந்த பிறகு, 1761இல்தான் சொத்து அவருக்கு உரிமையானது. 1774இல் இரண்டாம் விரிவாக்கம் தொடங்கியது. தெற்கே எழுத்தறையும் படுக்கையறையும், வடக்கே இரண்டு மாடி உயரத்தில் விருந்துக்கான ‘புதிய அறை’, ஆற்றைப் பார்த்த பக்கம் உயரமான தாழ்வாரம். வேலை பாதியில் நிற்கும்போது, 1775 மே மாதம் பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டவர், 1781 செப்டம்பரில்தான் அந்த வாசற்படியை மீண்டும் மிதித்தார். இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் வீடு வளர்ந்தது கடிதங்களால்தான்.

தலைமையகத்தின் அலுவல் கடிதங்களைப் பெரும்பாலும் உதவியாளர்களே வரைந்தனர். மனைவி மார்த்தாவுக்கு எழுதியவற்றில் மிகச் சிலவே எஞ்சின; மற்றவற்றை மார்த்தாவே எரித்துவிட்டார். ஆகவே அந்தரங்க வாஷிங்டனைத் தேடுபவர்களுக்கு இந்தக் காரியஸ்தர் கடிதங்களே கதி.

புரூக்ளின் போருக்கு எட்டு நாள் முன்பு, 1776 ஆகஸ்ட் 19இல், வீட்டின் இரு முனையிலும் மரத்தோப்பு வைக்கச் சொல்கிறார். காட்டு ஆப்பிள், டாக்வுட், சசாஃப்ராஸ், வில்லோ என்று பெயர் அடுக்குகிறார். அவற்றை வரிசை, ஒழுங்கு பாராமல் நட வேண்டுமாம்! புகைபோக்கிக்கு நூல் பிடித்த நடுப்புள்ளி, மரங்களுக்கு ஒழுங்கின்மை: இதில் முரண் ஏதுமில்லை. இரண்டும் அக்கால ஆங்கிலேயச் சீமான்களின் ரசனை. தோட்டக்கலை பற்றிய பேட்டி லாங்லியின் நூலை அவர் 1759லேயே தருவித்திருந்தார். புதிய அறையின் பெரிய சாளரத்துக்கும் லாங்லியின் மாதிரிப் படமே மூலம். பிரிட்டனோடு போர் தொடுத்தவர், பிரிட்டிஷ் சுவையில்தான் வீடு கட்டினார்.

அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் கடிதம் இன்னும் விசித்திரம். நியூயார்க்கில் நூற்றுக்கணக்கான வீடுகளை அழித்த தீயைப் பற்றி, நாம் செய்யத் துணியாததை இறைவனோ யாரோ ஒரு நல்லவனோ செய்துவிட்டான் என்ற தொனியில், தம் வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் அதே லண்டிடம் சொல்கிறார்.

தம் வீட்டுக்கு அவர் கேட்ட ஒத்திசைவு கிடைத்ததா? முழுவதும் இல்லை. பழைய வீட்டை இடிக்காமல் நீட்டியதால், மேற்கு முகப்பில் சாளரங்கள் ஒழுங்காக அமையவில்லை. வாசற்கதவும் சரி நடுவில் இல்லை. கல் கட்டடமாகத் தோன்றும் சுவரும் பைன் பலகைதான். விளிம்பைச் சரித்துச் செதுக்கி, ஈர வர்ணத்தின் மேல் மணல் வீசிய வேலை. புதிய அறையின் உள்வேலையோ போர் முடிந்த பிறகே முற்றுப்பெற்றது.

1781 ஏப்ரலில் ‘சேவேஜ்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பொட்டோமாக் ஆற்றில் வந்து நின்றது. வீட்டைக் காப்பாற்றவும், கப்பலேறிவிட்ட அடிமைகளை மீட்கவும் லண்ட் பகைவருக்கு உணவுப் பொருள் கொடுத்தார். ஏப்ரல் 30ஆம் தேதிக் கடிதத்தில் வாஷிங்டன் சீறினார்: வீட்டை எரித்துப் பண்ணையைப் பாழாக்கினார்கள் என்று கேட்டிருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டாராம். அங்குலம் அங்குலமாகக் கடிதத்தில் கட்டிய வீட்டைவிட அவருக்குப் பெயர் பெரிது. அந்த வீடே பெயருக்காகக் கட்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கப்பலில் தப்பியவர்கள் 17 பேர். லண்ட் எழுதிய பட்டியலில் வயதும் தொழிலும் உண்டு. அதில் ஒருவர் கன்னர், வயது சுமார் 45, செங்கல் அறுப்பவர்.